வேண்டுமென்றே மறித்தவர்

டொலறஸ் அக்காமீது இருந்த குற்றச்சாட்டு ஒரே வரிதான்: கடமையில் இருந்த போலீஸ்காரரை வேண்டுமென்றே மறித்தார். அந்த வரியைக் கோர்ட்டில் தமிழில் சொன்னவள் நான்.

என் பெயர் மாலினி. ஈப்போவில் பிறந்தவள். எண்பத்து நாலில் லண்டனுக்குப் படிக்க வந்து, படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல் இருந்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் ஒரு நூலகத்தில் வேலை. மற்ற நாட்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகக் கோர்ட், போலீஸ் நிலையம், மருத்துவமனை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். மொழிபெயர்ப்பாளருக்குச் சில விதிகள் உண்டு. சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. புத்தி சொல்லவே கூடாது. அதுவரை ஒன்பது வருஷமாக நான் அந்த விதிகளை மீறியதில்லை.

2006ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, மஜிஸ்ட்ரேட் கோர்ட்டின் நடையில் அவரைப் பார்த்தேன். ஐம்பத்து நாலு வயது. சிறிய உருவம். சாம்பல் நிறப் பாவாடைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுப் பித்தான் எல்லாவற்றையும் பூட்டியிருந்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நீங்களோ பிள்ளை தமிழ் சொல்ல வந்தது?"

"ஆமாக்கா, நான்தான்."

"எத்தினை மணிக்கு விடுவினம்?"

"சொல்ல முடியாதுக்கா. இன்னிக்கு நிறைய கேஸ் இருக்கு."

"நான் ஒரு மணிக்கு வீட்டை நிக்கவேணும். தவநாயகி ஒரு மணிக்கு வேலைக்குப் போகவேணும். அவ போனால் இவரோடை இருக்க ஆள் இல்லை."

'இவர்' என்பது அவர் கணவர் செபமாலைமுத்து. இருவரும் மன்னார்த் தீவுக்காரர்கள். அவர் தொண்ணூறில் லண்டனுக்கு வந்தார். ஆறு வருஷம் கழித்து இவரை அழைத்துக்கொண்டார். நோர்பரியில் ஒரு வாடகை வீடு. அவருக்குப் பெட்ரோல் நிலையத்தில் வேலை, இவருக்கு ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை. ஒரே மகள் அருள்மலர் கல்யாணமாகி ஜெர்மனியில் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் செபமாலைமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயின. அறிவு போகவில்லை. எல்லாம் விளங்கும், சொல்ல மட்டும் வராது. அவருக்கு மாடியில் முன்னறையில் கட்டில் போட்டு, பின்னறையை மேர்வின் என்ற இளைஞனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் டொலறஸ் அக்கா. மேர்வினுக்கு இருபத்தாறு வயது. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவன். தவநாயகி அடுத்த தெருக்காரர். அவசரத்துக்கு வந்து உட்காருகிற ஒரே ஆள்.

இதெல்லாம் வக்கீல் வருவதற்கு முன் நடையில் உட்கார்ந்து அவர் சொன்னவை. கட்சிக்காரரோடு தனியாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். நான் எழுந்து தள்ளிப் போய் இருந்திருக்க வேண்டும். போகவில்லை. அவர் கேட்பாரற்றுக் கிடந்த ஒருவரைப் போலப் பேசிக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை, நான் பொலிசை மறிச்சனான்தான். பொய் சொல்லமாட்டன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். கணவரின் உடுப்பைக் கழற்றி, படுக்கை விரிப்பை உருவி, துடைப்பதற்குச் சுடுதண்ணீர் எடுக்கக் கீழே வந்திருக்கிறார். கதவு தட்டப்பட்டது. திறந்தால் இரண்டு போலீஸ்காரர்கள். மேர்வினைக் கேட்டார்கள். முந்தின வாரம் ஒரு மதுக்கடை வாசலில் நடந்த கத்திக்குத்தில் அவன் பெயர் வந்திருந்தது. அந்தப் பெயரைத் தவிர அவர்கள் பேசிய எதுவும் இவருக்குப் பிடிபடவில்லை. அவர்கள் உள்ளே வந்து படியில் கால் வைத்துவிட்டார்கள்.

"எனக்கு மேலை அவர் கிடக்கிற கோலம்தான் கண்ணுக்குள்ளை. ஒரு துண்டுத் துணி இல்லை, பிள்ளை. ரெண்டு நிமிசம் தந்தால் போர்த்துப்போட்டு வந்திடுவன். நான் ஓடிப்போய்ப் படியிலை நிண்டு ரெண்டு கையாலையும் மறிச்சுப்போட்டன்."

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

"இங்கிலிஸ் வருகுதில்லை. வாயிலை வந்ததைச் சொன்னன். நோ, நோ. மேன். நோ டிரெஸ். வெயிட். அப்பிடித்தான் ஏதோ. அவை கேக்கேல்லை. என்னை விலத்திப்போட்டு ஏறிப்போய் முன்னறைக் கதவைத்தான் முதல்லை திறந்தவை."

எதிரே ஒரு பெண் தள்ளுவண்டிக் குழந்தைக்குப் பாட்டு வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு பேரும் பாத்தவை. இவரும் அவையைப் பாத்தவர். அண்டைக்குத் துடங்கி என்ர முகத்தைப் பாக்கிறாரில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறார். ஊர்க் கோயிலிலை பத்து வருசம் மூப்பரா இருந்த மனுசன், பிள்ளை. வேட்டி மடிச்சுக் கட்டிக்கூட றோட்டுக்கு வராதவர்."

"இதை அப்படியே வக்கீல்கிட்ட சொல்லுங்கக்கா" என்றேன்.

"ஆம்பிளையோ?"

"ஆமா."

"ஏலாது. அவர் இடக்கையாலை என்ர கையைப் பிடிச்சு வாயைப் பொத்திக் காட்டினவர். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு. நீங்களும் சொல்லாதேங்கோ."

வக்கீல் பதினொன்றேகாலுக்கு வந்தார். சொந்த வக்கீல் இல்லாமல் அன்று கோர்ட்டுக்கு வருகிற எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற வக்கீல் அவர். இளைஞர். கையில் ஆறேழு கோப்புகள். கெட்டவர் அல்ல. வந்ததும் நாற்காலியை டொலறஸ் அக்காவுக்கு நேரே திருப்பிப் போட்டு, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினார். அப்படிப் பேசத் தெரிந்த வக்கீல்கள் குறைவு.

போலீஸ் தரப்புத் தாளை அவர் வாசிக்க நான் தமிழில் சொன்னேன். வீட்டுக்காரம்மா படியில் குறுக்கே நின்றார். இரு கைகளையும் விரித்துத் தடுத்தார். 'நோ மேன்' என்று இரண்டு முறை சொல்லி, வீட்டில் ஆண் யாரும் இல்லை என மறுத்தார். தேடப்பட்டவர் மாடியில் பின்னறையில் இருந்தார்.

'நோ மேன்' என்ற இடத்தில் என் நாக்கு ஒரு கணம் நின்றது. அவர் சொன்னது 'மேன், நோ டிரெஸ்'. போலீஸ்காரரின் குறிப்பேட்டில் அது இப்படி ஏறியிருக்கிறது. தாளில் எழுதியிருந்தபடியே சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. வித்தியாசம் அவருக்குப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். அவர் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

தாளில் இன்னொன்றும் இருந்தது. அன்று அவரை நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, மொழிபெயர்ப்பாளர் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்களாம். வேண்டாம், இங்கிலீஷிலேயே கேளுங்கள் என்று சொல்லி, கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' என்று இவர் பதில் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஏன் என்று வக்கீல் கேட்டார்.

"இவருக்குக் காலமைச் சாப்பாடு குடுக்கேல்லை" என்றார் டொலறஸ் அக்கா. தவநாயகி வந்து பார்த்தது பத்து மணிக்கு மேலேதான்.

வக்கீல் இரண்டு வழிகளைச் சொன்னார். இன்றே குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் நிபந்தனையோடு விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு மாதம் வேறு தப்பு எதுவும் செய்யாமல் இருந்தால் போதும், தண்டனை கிடையாது. மறுத்தால் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்கு முன் ஒரு நாள், பிறகு விசாரணை நாள், தள்ளிவைத்தால் மறுபடி ஒரு நாள். அந்த நாள் வரும்போது இரண்டு போலீஸ்காரர்கள் சாட்சி சொல்வார்கள். அதற்கெதிரே உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கும். எதைச் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், முடிவு உங்களுடையது என்றார்.

இந்த மாதிரிக் குற்றச்சாட்டோடு வந்தவர்கள் ஒரு முப்பது பேர் பக்கத்திலாவது நான் நின்றிருப்பேன். வழக்கறிஞர்கள் இதைச் சின்ன விஷயம் என்பார்கள். மகனைப் பிடிக்கும்போது நடுவில் விழுந்த தாய், காரை எடுக்கச் சொன்னபோது வாக்குவாதம் செய்தவர், தம்பியின் பெயரை மாற்றிச் சொன்ன அண்ணன். அநேகமாக எல்லாரும் முதல் நாளே ஒப்புக்கொண்டு, கூப்பிட்ட பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவார்கள். சிலருக்கு ஒழுங்காக இருப்பேன் என்று ஒரு உறுதிமொழியோடு முடியும். எப்போதாவது ஒரு வழக்கு, சாட்சி சொல்ல வேண்டிய போலீஸ்காரர் விடுமுறையில் போய்விட்டதால் அன்று காலையிலேயே கைவிடப்படும். எதிர்த்து நின்று கடைசிவரை வாதாடியவர்கள் என் கணக்கில் இரண்டே பேர். ஒருவர் ஜெயித்தார். அவருக்கு ஏழு மாதம் பிடித்தது. அவர் தனி ஆள். வீட்டில் படுக்கையில் யாரும் இல்லை.

"ஒரு கேள்வி" என்றார் வக்கீல். "படியில் மறித்ததற்கு ஏதாவது காரணம் இருந்ததா?"

தமிழில் கேட்டேன். கேட்டுவிட்டு அவர் கண்ணையே பார்த்தேன். சொல்லுங்கள் என்று வாயால் சொல்லக் கூடாது. கண்ணால் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இல்லை" என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. விதியின் ஓரத்தில் நின்றுகொண்டு, ஒரு பெண் வக்கீல் கேட்டால் இவருக்குச் சொல்ல இன்னும் ஏதாவது இருக்கக்கூடும் என்று வக்கீலிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். இன்று கோர்ட்டுப் பணியில் இருப்பது நான் ஒருவன்தான், ஆனால் நாள் கேட்டு வாங்கலாம், அடுத்த வாரம் ஒரு பெண் வக்கீலை ஏற்பாடு செய்கிறேன் என்றார். அதை டொலறஸ் அக்காவிடம் சொன்னேன்.

"அடுத்த கிழமையோ? தவநாயகி இண்டைக்கே லீவு கேட்டுத்தான் காலமை நிண்டவ. ஐயோ பிள்ளை, இண்டைக்கு முடிச்சு விடச் சொல்லுங்கோ. என்ன சொன்னால் கெதியா விடுவினமோ அதைச் சொல்லுறன்."

அதையும் சொன்னபடி சொன்னேன். வக்கீல் பேனாவை மூடினார். குற்றத்தைச் செய்தீர்கள் என்றால் மட்டும்தான் ஒப்புக்கொள்ள வேண்டும், நேரத்துக்காக ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நிதானமாக இரண்டு முறை சொன்னார். செய்தீர்களா?

"செய்தனான். மறிச்சனான்தானே."

அதில் பொய் இல்லை. அதனால் வக்கீலுக்கும் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

எங்களைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டு இருபது. மேடையில் மஜிஸ்ட்ரேட்டுகள் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மா. கீழே இருந்த எழுத்தர் குற்றச்சாட்டை வாசித்தார். 'வேண்டுமென்றே' என்ற சொல் வந்தபோது டொலறஸ் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"வேணுமெண்டே எண்டால்? தெரிஞ்சு செய்தது எண்டோ?"

அதை ஆங்கிலத்தில் கேட்டேன். ஆம், தற்செயலாக அல்லாமல் தெரிந்து செய்வது என்றார் எழுத்தர். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குள் இன்னும் கொஞ்சம் இடம் இருந்ததாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நியாயமான காரணத்தோடு செய்தவரை அந்தச் சொல் தொடாமலும் போகலாமாம். அன்று அதை யாரும் விளக்கவில்லை. விளக்குவது என் வேலையும் இல்லை.

"ஓம், தெரிஞ்சுதான் மறிச்சனான்" என்றார்.

ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்டது. வக்கீல் எழுந்து, இதுவரை எந்தக் குற்றமும் செய்யாதவர், பள்ளிக்கூடச் சமையலறையில் உழைக்கிறவர், நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொள்கிறவர் என்று சுருக்கமாகச் சொன்னார். மூன்று பேரும் தலைசாய்த்துக் குசுகுசுத்தார்கள். கலந்து பேச வெளியே கூடப் போகவில்லை. பன்னிரண்டு மாத நிபந்தனை விடுவிப்பு. நரைத்த தலை அம்மா இறங்கிப் பேசுகிற குரலில் ஒன்றைச் சேர்த்தார்: உங்கள் வீட்டில் குடியிருக்கும் இளைஞன்மேல் உங்களுக்குப் பரிவு இருந்திருக்கலாம், அது விளங்குகிறது, ஆனால் போலீசார் தங்கள் வேலையைச் செய்ய விட வேண்டும்.

நான் சொன்னதைக் கேட்டு டொலறஸ் அக்கா விழித்தார்.

"ஆரைச் சொல்லினம்?"

"மேர்வினை."

"மேர்வினுக்காகவோ நான் மறிச்சது? அவன் மேலை கிடந்தது எனக்கு நினைவே இல்லையே!"

அதற்குள் வாயிற்காவலர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்ததும் வக்கீலை நிறுத்தி இதைச் சொன்னேன். அவர் அடுத்த கோப்பைத் திறந்தபடியே, நல்ல முடிவு கிடைத்திருக்கிறது, இனி அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றார். டொலறஸ் அக்கா ஏற்கெனவே படியிறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பஸ் கிடைத்ததா என்பது தெரியாது.

ஜூன் மாதத்தில் மேர்வின்மேல் நடவடிக்கை இல்லை என்று போலீசார் எழுதி அனுப்பினார்கள். கத்திக்குத்து நடந்த நேரத்தில் அவன் வேலை செய்கிற கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்றது கேமராவில் பதிவாகியிருந்தது. அது வேறொரு மேர்வின். இவன் வெட்கப்பட்டுக்கொண்டு செவன் கிங்ஸ் பகுதியில் ஒரு நண்பன் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். தேடப்பட்டவன் குற்றமற்றவன் என்று ஆனதால் மறித்தவரின் குற்றம் அழிந்துவிடாது. போலீசார் அன்று தங்கள் கடமையில்தான் இருந்தார்கள்.

இதை நான் தெரிந்துகொண்டது நவம்பரில், மறுபடி டொலறஸ் அக்காவைப் பார்த்தபோது. பள்ளிகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனி மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தது. வருகிறவர் மாலினியாக இருக்க வேண்டும் என்று ஊழியரே கேட்டதாகச் சொன்னார்கள்.

மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பள்ளியில் வேலை செய்கிற எல்லாருடைய குற்றப் பதிவையும் கம்பெனி சோதிக்கும். டொலறஸ் அக்காவுடைய தாளில் ஒரு வரி வந்திருந்தது. அவரைப் பத்து நாளாக வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டில் இருத்தியிருந்தார்கள். பத்து வருஷமாக அந்தச் சமையலறையில் நின்றவர். பிள்ளைகள் டொலி மிஸ் என்று கூப்பிடுவார்கள். பட்டாணி பிடிக்காத பிள்ளை யார், கஸ்டர்டு இரண்டு கரண்டி கேட்கிற பிள்ளை யார் என்று அவருக்கு மனப்பாடம். கைப்பைக்குள் தலைமையாசிரியை எழுதிக் கொடுத்த நற்சான்று ஒன்று வைத்திருந்தார். தலைமையாசிரியைக்கு அவரை வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் டொலறஸ் அக்கா பள்ளியின் ஊழியர் அல்ல, கம்பெனியின் ஊழியர்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மேலாளரும், குறிப்பெடுக்க ஒரு ஆணும் இருந்தார்கள். "நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அவசரமில்லை" என்றார் அந்தப் பெண்.

டொலறஸ் அக்கா குறிப்பெடுக்கிறவரை ஒரு முறை பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். எல்லாவற்றையும். சுடுதண்ணீர், உருவின விரிப்பு, படி, விரித்த கை. மொழிபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை. சொல்கிறவராகவே பேச வேண்டும். அதனால் என் வாயால் நானே சொன்னேன்: என் கணவர் உடுப்பில்லாமல் கிடந்தார். யாரும் பார்க்காமல் அவரைப் போர்த்துவதற்கு எனக்கு இரண்டு நிமிஷம் வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அது இரண்டே வாக்கியம். சொல்லி முடித்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்தேன். குறிப்பெடுத்தவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"இதைக் கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் மேலாளர்.

"கேட்டவை. எனக்கு நேரமில்லை" என்றார் டொலறஸ் அக்கா.

"உங்கள் கணவர்?"

"அவர் சொல்லாதை எண்டுதான் சொன்னவர். இப்ப வேலையும் போகப் போகுது எண்டு அவருக்கு விளங்கியிட்டுது. சொல்லு எண்டு தலையாட்டினவர். அதுதான் சொல்லுறன்."

அந்தப் பெண் உண்மையாகவே வருந்தினார். ஆனால் கோர்ட் முடிவுக்குப் பின்னால் போய் வேறு கதை எழுதுகிற அதிகாரம் கம்பெனிக்கு இல்லை என்றார். தாளில் இருப்பது நீங்களே ஒப்புக்கொண்ட குற்றம். தடுத்தது போலீசை, அதுவும் கத்திக்குத்து வழக்கில் தேடப்பட்ட ஒருவரைப் பிடிக்க வந்தபோது. பெற்றோர் யாராவது கேட்டால் நாங்கள் இந்தத் தாளைத்தான் காட்ட முடியும். மேலிடத்துக்கு எழுதுகிறேன், என்னால் ஆனதைச் செய்கிறேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வேலையை விட்டு நீக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு மாற்றினார்கள்: ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை, விடிகாலை நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை. மேர்வின் போன பிறகு கவுன்சில் அனுப்பத் தொடங்கிய பராமரிப்புப் பெண் வருவதே எட்டரைக்கு. நாலு மணி நேரம் செபமாலைமுத்துவைத் தனியாக விட்டுப் போக டொலறஸ் அக்காவால் முடியவில்லை. வேறு நேரம் கேட்டார். இல்லை என்றார்கள். கடைசியில் அவராக விலகிக்கொண்டார் என்று எழுதி முடித்தார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர் இருந்தார், ஞானேஸ்வரன் என்று. லூயிஷாமில் அலுவலகம். பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லி, இந்த வழக்கை மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்க முடியுமா என்றேன். மறுநாளே கூப்பிட்டார்.

"திறக்கலாம் மாலினி. சட்டத்திலை இடம் இருக்கு. ஆனால் அந்த அம்மா தெளிவா ஒப்புக்கொண்டிருக்கிறா. வக்கீல் ரெண்டு தரம் எச்சரிச்சிருக்கிறார். 'வேணுமெண்டே' எண்டால் என்ன எண்டு கேட்டு விளங்கிச் சொல்லியிருக்கிறா. மொழிபெயர்ப்பாளரும் பக்கத்திலை நிண்டிருக்கிறார். விளங்காமல் சொன்னன் எண்டு இனிச் சொல்லேலாது."

"அந்த மொழிபெயர்ப்பாளர் நான்தான்."

"தெரியும்" என்றார். "நீங்கள் ஒழுங்காச் செய்திருக்கிறியள். அதுதான் பிரச்சினை."

நான் அன்று அரைகுறையாக மொழிபெயர்த்திருந்தால், ஒரு சொல்லைத் தவறவிட்டிருந்தால், அவருக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். இதை நினைத்து நான் பல நாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். காரணத்தை நானே வக்கீலிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்ததுண்டு. டொலறஸ் அக்கா சொல்ல வேண்டாம் என்று கேட்டார். விதியும் வேண்டாம் என்றது. இரண்டும் ஒரே பக்கம் நின்றதால் எனக்கு அப்போது அது சரியாகப் பட்டது. இப்போது தெரியவில்லை.

ஞானேஸ்வரன் சொன்னதை டொலறஸ் அக்காவுக்குப் போனில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "நீங்கள் ஏன் பிள்ளை எனக்காக அலையிறியள்?" என்று மட்டும் சொன்னார். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

செபமாலைமுத்து 2008 ஜனவரியில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இறந்தார். இறுதிப் பூசைக்குப் போயிருந்தேன். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்து, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். டொலறஸ் அக்கா பெட்டியருகே நின்று, குனிகிறவர்கள் கை பட்டு விலகுகிற துணியைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மகள், போதும் அம்மா, விடுங்கோ என்று கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை.

பன்னிரண்டு மாத நிபந்தனை முந்தின வருஷமே முடிந்துபோயிருந்தது. நோர்பரிப் பள்ளியில் மறுபடி இடம் காலியானபோது தலைமையாசிரியையே ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். டொலறஸ் அக்கா விண்ணப்பம் எழுதினார். முடிந்துபோன குற்றத்தையும் குற்றப் பதிவுத் தாள் காட்டும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கம்பெனி நன்றி சொல்லி மறுத்துப் பதில் எழுதியது.

இப்போது ஒரு ஹோட்டலின் நிலவறையில், துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்கிறார். விரிப்புகளை மடிக்கிற வேலை. பதிவுத் தாள் எதுவும் அங்கே கேட்கவில்லை. பிள்ளைகள் சத்தம் இல்லாததுதான் குறை, மிஷின் சத்தத்தில் காது அடைத்துப்போகிறது என்றார். மகள் ஜெர்மனிக்கு வந்துவிடச் சொல்கிறாள். போகவில்லை. செபமாலைமுத்துவின் கல்லறை இங்கே இருக்கிறது.

போன வாரம் காலையில் கூப்பிட்டார். கோயில் திருநாளுக்கு வரச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தவர், "இண்டைக்கு உங்களுக்குக் கோர்ட்டிலை வேலையோ?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. பஸ்ல இருக்கேன்."

"ஆருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாதுக்கா."

"ஓம் ஓம், சொல்லக் கூடாது" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆராயிருந்தாலும், வீட்டிலை இருக்கிறவையை ஆர் பாக்கினம் எண்டு முதல்லை கேளுங்கோ" என்றார்.

அதை நான் கேட்கக் கூடாது. அவரிடம் சரி என்றேன். என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிக் கோர்ட்டுப் பக்கம் நடந்தேன்.